ரோமப் பேரரசர்களின் காசுகள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பழங்காசு சேர்ப்பவன் என்று தெரிந்ததும் நண்பர்களும் மாணவர்களும் என்னிடம் கேட்பவை பெரும்பாலும் ஒரே கேள்விகள்தான். கோவைக்காரன் என்பதாலோ என்னவோ, அதிலும் ரோமக் காசு பற்றித்தான் அதிகம் கேட்கிறார்கள். ஒவ்வொரு முறையும் வாய்வார்த்தையாகச் சொன்னதை இங்கே எழுதி வைக்கிறேன்.

ரோமப் பேரரசுக் காசு என்று எதைச் சொல்கிறோம்?

கி.மு. 27-இல் அகஸ்டஸ் பட்டத்துக்கு வந்ததிலிருந்து கி.பி. 476-இல் மேற்கு ரோமில் கடைசிப் பேரரசன் வீழ்ந்தது வரை அடிக்கப்பட்டவை. அதற்கு முந்தியவை குடியரசுக் காலத்துக் காசுகள். அவற்றைச் சேர்ப்பவர்கள் தனி.

அகஸ்டஸ் ஏற்படுத்திய கணக்கு எளிது. தங்கத்தில் அவுரியஸ், வெள்ளியில் தெனாரியஸ், பித்தளையில் செஸ்டர்ஷியஸ், செம்பில் ஆஸ். ஒரு அவுரியஸுக்கு 25 தெனாரியஸ், ஒரு தெனாரியஸுக்கு 4 செஸ்டர்ஷியஸ் அல்லது 16 ஆஸ். அகஸ்டஸ் காலத்தில் சாதாரணக் காலாட்படை வீரனின் ஆண்டுச் சம்பளம் 225 தெனாரியஸ். ஒரு தெனாரியஸைக் கையில் எடுக்கும்போது இந்தக் கணக்கு நினைவுக்கு வந்தால், அது காட்சிப்பொருளாக இல்லாமல் ஒருவன் ஒன்றரை நாள் வெயிலில் நின்று வாங்கிய கூலியாகத் தெரியும்.

இவ்வளவு பேர் இதன் பின்னால் ஓடக் காரணம் என்ன? தங்கம், வெள்ளி என்பதாலா?

இல்லை. முகங்கள்.

ரோமில் உயிரோடு இருக்கும் ஒருவரின் முகத்தைக் காசில் பொறிக்கும் வழக்கம் முதலில் கிடையாது. கி.மு. 44-இல் ஜூலியஸ் சீசர் தன் முகத்தைப் பொறிக்க வைத்தார். அடுத்த சில வாரங்களில் கொல்லப்பட்டார். ஆனால் வழக்கம் நிலைத்துவிட்டது. அதன் பிறகு ரோமை ஆண்ட அத்தனை பேரையும் காசில் பார்க்கலாம், அதுவும் பூசி மெழுகாத முகத்தோடு. வெஸ்பாசியனின் காசில் வழுக்கை, நெற்றிச் சுருக்கம், தடித்த கழுத்து எல்லாம் இருக்கும். ஊர்ச் சந்தையில் மாடு பேரம் பேசும் பெரியவர் போல இருப்பார். அவர் தன்னை அப்படிக் காட்டிக்கொள்ளத்தான் விரும்பினார், ஏனென்றால் அவருக்குச் சற்று முன்பு ஆண்டது நீரோ.

நீரோவின் காசுகளை ஆண்டு வரிசைப்படி அடுக்கிப் பாருங்கள். கி.பி. 54-இல் பட்டத்துக்கு வந்தபோது அவனுக்கு வயது 16. முதல் காசுகளில் மெல்லிய கழுத்துள்ள பையன், எதிரே தாய் அக்ரிப்பினாவின் முகம், இருவரும் ஒருவரையொருவர் பார்த்தபடி. பிறகு தாயின் முகம் காணாமல் போகிறது. கி.பி. 59-இல் அவளைக் கொன்றும் விட்டான். பட்டத்துக்கு வந்து பத்தாண்டு கழித்து அடித்த காசுகளில் தாடை இரண்டு மடிப்பாகத் தொங்க, கழுத்தே இல்லாமல் ஒரு கனத்த மனிதன் நிற்கிறான். ஒரு வாழ்க்கை கெட்டுப்போனதை அச்சு வெட்டியவர்கள் ஆண்டுதோறும் பதிந்து வைத்திருக்கிறார்கள்.

பின்பக்கத்தில் என்ன இருக்கும்?

நம் ஊரில் 'தலையா, பூவா' என்று சுண்டுவோமே, ரோமக் காசில் அந்தப் பூப் பக்கம்தான் அரசன் பேசும் பக்கம். செய்தித்தாள் இல்லாத காலம். பிரிட்டனில் இருக்கும் சிப்பாய்க்கும் சிரியாவில் இருக்கும் எண்ணெய் வியாபாரிக்கும் ஒரே செய்தி போய்ச் சேர வேண்டுமென்றால் காசுதான் வழி.

கொலோசியம் திறந்த கி.பி. 80-ஐ ஒட்டி டைட்டஸ் அடித்த செஸ்டர்ஷியஸில் அந்த அரங்கம் மேலிருந்து பார்ப்பதுபோலத் தெரியும். அடுக்கடுக்காகப் புள்ளிகள். லென்ஸ் வைத்துப் பார்த்தால் ஒவ்வொரு புள்ளியும் உட்கார்ந்திருக்கும் ஒரு மனிதத் தலை. 35 மில்லிமீட்டர் பித்தளைக்குள் ஒரு கூட்டத்தையே உட்கார வைத்திருக்கிறான், பெயர் தெரியாத ஒரு அச்சு வெட்டுபவன். நீரோவின் ஒஸ்தியா துறைமுகக் காசில் கப்பல்கள் நிற்கும். ஹேட்ரியன் தான் சுற்றிய மாகாணங்களை ஒவ்வொரு பெண்ணாக உருவகித்து ஒரு வரிசையே வெளியிட்டார். கி.பி. 248-இல் ரோம் நகரின் ஆயிரமாவது ஆண்டு விழாவுக்கு முதலாம் பிலிப் அடித்த காசுகளில் சிங்கம், மான், நீர்யானை என்று அரங்கில் காட்டிய விலங்குகள் வரும்.

வெற்றி பெறாத போருக்கு வெற்றித் தேவதை, படை கலகம் செய்யும்போது 'படைகளின் விசுவாசம்' என்ற வாசகம், இப்படியும் உண்டு. எதை அழுத்தி அழுத்திச் சொல்கிறானோ அது அவனிடம் இல்லை என்று படிக்கப் பழக வேண்டும்.

எழுத்துகள் புரியவே இல்லையே, எப்படிப் படிப்பது?

லத்தீன் தெரிய வேண்டியதில்லை. இருபது சுருக்கெழுத்துகள் தெரிந்தால் போதும். ஐ-எம்-பி என்றால் இம்பெராத்தோர், அதாவது படைத்தலைவர். ஏ-வி-ஜி என்றால் அகஸ்டஸ். பி-எம் என்றால் தலைமைக் குரு. பி-பி என்றால் தாயகத்தின் தந்தை. அந்தக் காலத்தில் 'யு' எழுத்து கிடையாது, எல்லாம் 'வி'தான். சொற்களுக்கு இடையில் இடைவெளியும் பெரும்பாலும் இருக்காது. இந்த இரண்டும்தான் புதியவர்களைக் குழப்பும்.

முக்கியமானது டி-ஆர்-பி. மக்கள் காவலர் அதிகாரம் என்று பொருள். இது ஆண்டுதோறும் புதுப்பிக்கப்படும். பக்கத்தில் பதினாறு என்ற எண் இருந்தால் அந்த அதிகாரம் பெற்ற பதினாறாவது ஆண்டு. அதனால்தான் 1,900 ஆண்டுக்கு முந்திய ஒரு காசை, இது இந்த ஆண்டில் அடித்தது என்று நம்மால் சொல்ல முடிகிறது.

வெள்ளிக் காசு என்று வாங்கினேன், செம்பு நிறமாக இருக்கிறது. ஏமாந்துவிட்டேனா?

எந்தப் பேரரசனின் காசு என்பதைப் பொறுத்தது. மூன்றாம் நூற்றாண்டுக் காசு என்றால் உங்களை ஏமாற்றியது கடைக்காரர் இல்லை, ரோம அரசு.

அகஸ்டஸ் காலத்தில் ஒரு ரோமன் ராத்தல் வெள்ளியில் 84 தெனாரியஸ் அடித்தார்கள், ஏறக்குறையச் சுத்த வெள்ளி. கி.பி. 64 வாக்கில் நீரோ அதே ராத்தலில் 96 அடித்தான், மாற்றையும் குறைத்தான். செப்டிமியஸ் செவெரஸ் காலத்தில் பாதிதான் வெள்ளி. கி.பி. 215-இல் காரகல்லா, தலையில் கதிர்க் கிரீடம் வைத்த புதுக் காசு ஒன்றை வெளியிட்டான். இன்று அதை அந்தோனினியானஸ் என்கிறோம். மதிப்பு இரண்டு தெனாரியஸ், ஆனால் உள்ளிருந்த வெள்ளி ஒன்றரை தெனாரியஸ் அளவுகூடத் தேறாது. கல்லியேனஸ் ஆட்சியின் கடைசியில், 260-களில், அந்தக் காசில் வெள்ளி நூற்றுக்கு ஐந்துகூட இல்லை. செம்பை அடித்து மேலே வெள்ளிப் பூச்சு. கை பட்டுப் பட்டுப் பூச்சு போய்விடும்.

ஆரேலியன் 274-இல் சீர்செய்யப் பார்த்தார், டையோக்ளீஷியன் 294 வாக்கில் முழுக்க மாற்றினார். நின்றது கான்ஸ்டன்டைனின் தங்கக் காசான சாலிடஸ்தான். ராத்தலுக்கு 72, ஒவ்வொன்றும் சுமார் நாலரை கிராம். கிழக்கு ரோமில் அதன் மாற்று பதினோராம் நூற்றாண்டு வரை பெரிதாகக் குறையவில்லை. ஒரு பேரரசின் கடன், போர், பயம் எல்லாவற்றையும் தராசில் வைத்து நிறுக்க முடிகிற இடம் உலகில் வேறு எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியவில்லை.

இவற்றைச் சேர்க்க ஆரம்பித்தது யார்?

பேரரசன் அகஸ்டஸே விழா நாளில் பரிசளிக்கப் பழைய அரசர் காலத்துக் காசுகளையும் வெளிநாட்டுக் காசுகளையும் வைத்திருந்ததாக அவரது வரலாற்றை எழுதிய சுயெட்டோனியஸ் சொல்கிறார். ஆனால் இன்று நாம் அறிந்த சேகரிப்பு, பதினான்காம் நூற்றாண்டுக் கவிஞர் பெட்ரார்க்கோடு தொடங்குகிறது. திராட்சைத் தோட்டத்தில் மண் கொத்துகிறவர்கள் கிடைத்த காசுகளை அவரிடம் கொண்டுவருவார்கள். 1354-இல் இத்தாலியின் மாண்டுவா நகரில், ரோமப் பேரரசர் பட்டம் ஏற்கப் போய்க்கொண்டிருந்த ஜெர்மானிய அரசர் நான்காம் சார்லஸைச் சந்தித்தபோது, அகஸ்டஸ் முதலானோர் முகம் பொறித்த காசுகளை அவர் கையில் கொடுத்து, 'இவர்களின் இடத்துக்கு வருகிறீர்கள், இவர்களைப் போல நடங்கள்' என்ற பொருள்படப் பேசினார். ஒரு புலவன் அரசனுக்குச் சொன்ன செவியறிவுறூஉ, அதாவது அறிவுரை, அது. புறநானூறு படித்தவர்களுக்கு அந்தத் தொனி பழக்கமானதுதான்.

பதினாறாம் நூற்றாண்டில் இது ஐரோப்பா முழுவதும் பரவிவிட்டது. ஹூபர்ட் கோல்ட்சியஸ் என்ற ஓவியர் ஊர் ஊராகப் போய், ஏறத்தாழ ஆயிரம் சேகரிப்பாளர்களின் பெயர்ப் பட்டியலையே அச்சிட்டார். அந்தக் கூட்டத்திலிருந்து அறிவை வடித்தெடுத்தவர் வியன்னாவின் யோசப் எக்கெல். 1792 முதல் 1798 வரை எட்டுத் தொகுதிகளில் பழங்காசுகளை ஒழுங்குபடுத்தினார். நாணயவியல் ஒரு துறையாக நிமிர்ந்து நின்றது அவரால்தான்.

நம் ஊர் மண்ணில் ஏன் இவ்வளவு ரோமக் காசுகள்?

மிளகு. 'பொன்னொடு வந்து கறியொடு பெயரும்' என்று முசிறிக்கு வந்த யவனர் கப்பலைப் பற்றி அகநானூறு 149-ஆம் பாட்டு சொல்கிறது. அதே வியாபாரத்தை மறுகரையிலிருந்து பார்த்த ரோம எழுத்தாளர் பிளினி, ஆண்டுக்கு ஐந்து கோடி செஸ்டர்ஷியஸ் இந்தியாவுக்குப் போகிறது என்று வருத்தப்பட்டார். ஒருவருக்கு வரவு, மற்றவருக்குச் செலவு. இரண்டு குரலும் நமக்குக் கிடைத்திருப்பது பெரிய பேறு.

எங்கள் கோவைக்குப் பக்கத்து வெள்ளலூரில் 1842-இல் 500-க்கும் மேற்பட்ட வெள்ளிக் காசுகள் கிடைத்தன. உடுமலை அருகே பூதிநத்தத்தில் 1,300-க்கும் மேல். இந்தப் புதையல்களில் திரும்பத் திரும்ப வருபவை இரண்டு வகை. ஒன்று, அகஸ்டஸின் பேரன்கள் இருவர் கேடயமும் ஈட்டியுமாக நிற்பது. மற்றொன்று, திபேரியஸ் முகமும் பின்பக்கம் நாற்காலியில் அமர்ந்த பெண்ணும்.

அந்தத் திபேரியஸ் காசு ஒன்றைப் பல நிமிடம் கையில் வைத்துப் பார்த்திருக்கிறேன். இன்றைய ஒரு ரூபாயை விடச் சற்றுச் சிறிய வட்டம், ஆனால் தடிமன் கூடுதல். ஓரம் சீராக இராது, ஒருபுறம் சம்மட்டி அடியில் பிளந்திருக்கும். பெண்ணின் ஒரு கையில் செங்கோல், மறு கையில் கிளை. நாற்காலிக் கால்களில் கடைசல் வேலைகூடத் தெரிகிறது. அவளைத் திபேரியஸின் தாய் லிவியா என்பார்கள். 'இராயனுடையதை இராயனுக்கு' என்று இயேசு சுட்டிக்காட்டிய காசு இதுவே என்பது மரபு. யூதேயாவில் வரியாகவும் கொங்கு நாட்டில் மிளகுக்கும் மணிக்கும் விலையாகவும் ஒரே காசு.

நீரோ மாற்றைக் குறைத்த பின் அடித்த வெள்ளி இங்கே அரிது. நம் வியாபாரிகள் பழைய நல்ல வெள்ளியைத்தான் கேட்டு வாங்கியிருக்கிறார்கள். ஜெர்மானியரும் அப்படித்தான் பழைய காசையே விரும்பினார்கள் என்று ரோம வரலாற்றாசிரியர் டாசிட்டஸ் எழுதியிருக்கிறார்.

புதுக்கோட்டை அருகே கருக்காக்குறிச்சியில் 1898-இல் கிடைத்த 501 தங்கக் காசுகளில் பெரும்பாலானவற்றில் அரசனின் முகத்துக்குக் குறுக்கே உளியால் வெட்டு விழுந்திருக்கிறது. இது இனிப் பணமில்லை, வெறும் பொன் என்று காட்டவே வெட்டினார்கள் என்பது பலர் ஏற்கும் விளக்கம். வேறு சில காசுகளில் தலைக்கு மேல் இரண்டு துளை. ரோமப் பேரரசன் இங்கே யாரோ ஒரு பெண்ணின் கழுத்தில் காசுமாலையாகத் தொங்கியிருக்கிறான். கரூரில் கிடைத்த, மாக்கோதை என்ற பெயரும் தலையுருவமும் உள்ள சேரர் வெள்ளிக் காசில் ரோமக் காசின் சாயல் தெரிகிறது என்கிறார்கள் ஆய்வாளர்கள். பார்த்தால் ஒப்புக்கொள்வீர்கள்.

நான்காம், ஐந்தாம் நூற்றாண்டுச் சிறு செம்புக் காசுகள் கரூர் அமராவதி ஆற்று மணலிலும் மதுரையிலும் கிடைத்தன. இலங்கையில் இன்னும் ஏராளம்.

போலியை எப்படிக் கண்டுபிடிப்பது?

முதல் சோதனை ஓரம். உண்மைக் காசு சம்மட்டியால் அடித்தது, அதன் விளிம்பில் வெடிப்பு இருக்கும், உருவம் சற்று விலகியும் இருக்கும். வார்ப்புப் போலியில் விளிம்பைச் சுற்றி ஒட்டுக் கோடு அல்லது அதை அரம் போட்டு ராவிய தடம் தெரியும். பரப்பில் ஊசிமுனை போன்ற குமிழிப் பள்ளங்கள் இருக்கும். எடையும் ஒத்துவராது. ஒரே மாதிரி இரண்டு காசில் ஒரே இடத்தில் ஒரே கீறல் இருந்தால் இரண்டையும் தொடாதீர்கள்.

ஆனால் அச்சு வெட்டி அடித்த போலிகள் கடினம். பதினாறாம் நூற்றாண்டில் பதுவா நகரத்து ஜியோவானி கவினோ வெட்டிய அச்சுகள் அவ்வளவு அழகு, இன்று 'பதுவாக் காசு' என்ற பெயரிலேயே அவற்றையும் தேடிச் சேர்க்கிறார்கள். ஜெர்மனியின் கார்ல் வில்ஹெல்ம் பெக்கர் பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தன் போலிகளை இரும்புத் தூளும் பிசுக்கும் நிறைந்த பெட்டியில் போட்டு, குதிரை வண்டியின் அடியில் கட்டி ஓட்டுவார். குலுங்கிக் குலுங்கிக் காசுக்கு வயதாகிவிடும். அவருடைய அச்சுகள் இப்போது பெர்லின் அருங்காட்சியகத்தில் பத்திரமாக உள்ளன. அவற்றோடு ஒப்பிட்டுத்தான் அவர் போலிகளை இனம் காண்கிறோம்.

களிம்பு பிடித்த காசைப் புளி போட்டுத் தேய்க்கலாமா?

வேண்டாம். தயவுசெய்து வேண்டாம்.

கல்லூரி நாளில் எனக்கு முதன்முதலாகக் கிடைத்த சிறு செம்புக் காசைக் குத்துவிளக்குக்குப் போடுவதுபோலப் புளி போட்டுத் தேய்த்தேன். பளபளவென்று சிவந்து வந்தது. முகமும் எழுத்தும் களிம்போடு சேர்ந்து போய்விட்டன. நூற்றாண்டுகளாக மண்ணில் கிடந்த செம்பில் உலோகத்தின் மேல்தோல் களிம்பாக மாறியிருக்கும், உருவத்தின் நுணுக்கமெல்லாம் அந்தத் தோலில்தான் நிற்கும். அதை உரித்தால் அடியில் மொட்டை உலோகம்தான். இன்றும் அந்தக் காசை வைத்திருக்கிறேன், யாருடையது என்று இனி ஒருபோதும் தெரியாது.

காய்ச்சி வடித்த தண்ணீரில் வாரக்கணக்கில் ஊறப்போட்டு, மூங்கில் குச்சியால் மண்ணை மட்டும் நீக்கலாம். வெளிர் பச்சைப் பொடியாக உதிர்ந்தால் அது காசைத் தின்னும் நோய். தனியே பிரித்துவைத்து, தெரிந்தவரிடம் காட்டுங்கள். வெள்ளிக்கும் தங்கத்துக்கும் எதுவும் செய்யாமல் இருப்பதே நல்லது.

ஒரே ஒரு காசு வரலாற்றை மாற்றியதுண்டா?

உண்டு. 1900-இல் பிரான்சில் தொமிசியானஸ் என்ற பேரரசனின் பெயரோடு ஒரு காசு கிடைத்தது. அப்படி ஒரு பேரரசனே இல்லை, போலி என்று ஒதுக்கினார்கள். 2003-இல் இங்கிலாந்தின் ஆக்ஸ்போர்டு அருகே ஒரு பானை நிறையக் காசுகள், ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாகி, கிடைத்தன. பிரித்து எடுத்தபோது உள்ளேயிருந்து அதே பெயரில் இரண்டாவது காசு. அந்தக் கட்டிக்குள் யாரும் புதிதாக நுழைத்திருக்க முடியாது. கி.பி. 271 வாக்கில் கொஞ்ச காலம் தன்னைப் பேரரசனென்று அறிவித்துக்கொண்ட ஒரு மனிதன், அந்தக் களிமண் பானையால் வரலாற்றுக்குத் திரும்பினான்.

இன்னொன்று எனக்கு மிகப் பிடித்தது. 286-இல் பிரிட்டனைப் பிரித்தெடுத்து ஆண்ட கரௌசியஸின் காசுகளில் ஆர்-எஸ்-ஆர் என்று மூன்று எழுத்துகள் இருக்கும். ஏதோ நிதி அதிகாரியின் பட்டம் என்றே நெடுங்காலம் நினைத்தார்கள். ஒரு பதக்கத்தில் ஐ-என்-பி-சி-டி-ஏ என்று வேறு ஆறு எழுத்துகள். இரண்டையும் சேர்த்துப் பார்த்தால், மகாகவி வர்ஜிலின் ஒரு பாட்டில் அடுத்தடுத்து வரும் இரண்டு அடிகளின் முதலெழுத்துகள் என்று 1990-களின் இறுதியில் தெரியவந்தது. 'பொற்காலம் திரும்புகிறது, புதிய தலைமுறை வானிலிருந்து இறங்குகிறது' என்பது பொருள். கலகக்காரன் என்று ரோம் தள்ளிவைத்த கடற்படைத் தலைவன், தானே உண்மையான ரோமன் என்று கவிதையால் வாதாடியிருக்கிறான்.

புதிதாகத் தொடங்குகிறவர் எதில் தொடங்கலாம்?

பலருக்கும் ஆசை, ஜூலியஸ் சீசர் முதல் தொமிஷியன் வரை பன்னிரண்டு பேரையும் சேர்ப்பது. சுயெட்டோனியஸ் எழுதிய அதே பன்னிருவர். அதில் ஓத்தோ என்பவர் கி.பி. 69-இல் மூன்றே மாதம் ஆண்டவர், அங்கேதான் பையும் பொறுமையும் காலியாகும். நான் சொல்வது கான்ஸ்டன்டைன் குடும்பத்துச் செம்புக் காசுகள். கோடிக்கணக்கில் அடித்தவை, இன்றும் வெளிநாட்டுச் சந்தையில் ஒரு நல்ல புத்தகத்தின் விலைக்குள் கிடைக்கும். அடியில் எந்த நகரத்து அக்கசாலையில் அடித்தது என்ற குறியும் இருக்கும். லண்டன், திரியர், அந்தியோக்கியா, அலெக்சாந்திரியா என்று ஊர் ஊராகச் சேர்ப்பதிலேயே பல ஆண்டு போகும்.

வாங்கும்போது எதைக் கேட்க வேண்டும்?

எங்கே கிடைத்தது, யார் யார் கை மாறி வந்தது. விலைக்கு முன் இதைக் கேளுங்கள். சீசரைக் கொன்ற புரூட்டஸ் இரண்டு கத்திகளும் விடுதலைக் குல்லாவும் பொறித்து அடித்த தங்கக் காசு ஒன்று 2020-இல் லண்டன் ஏலத்தில் 32 லட்சம் பவுண்டுக்கு மேல் போனது. அதன் பழைய உரிமைக் கதை பொய் என்று பின்னர் தெரிந்து, 2023-இல் கிரேக்க நாட்டிடம் திருப்பித் தரப்பட்டது.

தோட்டத்தில் பள்ளம் தோண்டும்போது பானையில் காசு கிடைத்தால்?

தோண்டுவதை அந்த இடத்திலேயே நிறுத்துங்கள். 2010-இல் இங்கிலாந்தின் ஃபுரோம் ஊர் அருகே ஒரு மருத்துவமனைச் சமையல்காரர் வயலில் பானையின் வாயைக் கண்டதும் கையை எடுத்துவிட்டுத் தொல்லியலாரை அழைத்தார். உள்ளே 52,503 காசுகள். அடுக்கடுக்காக எடுத்ததால், பெரும்பகுதிக் காசுகள் ஒரே நேரத்தில் கொட்டப்பட்டவை என்பதைக்கூடச் சொல்ல முடிந்தது. வாரி எடுத்திருந்தால் வெறும் செம்புக் குவியல்தான்.

நம் நாட்டில் 1878-ஆம் ஆண்டுப் புதையல் சட்டப்படி மாவட்ட ஆட்சியரிடம் தெரிவிக்க வேண்டும். வட்டாட்சியர் அலுவலகத்தில் எழுதிக் கொடுத்தால் மேலே போகும். 1972-ஆம் ஆண்டுச் சட்டப்படி 100 ஆண்டுக்கு மேற்பட்ட தொல்பொருளைத் தனியார் யாரும் வெளிநாட்டுக்குக் கொண்டுபோக முடியாது. தகவல் சொல்லும் முன் நீங்கள் செய்ய வேண்டியது மூன்றுதான்: பானை இருந்த நிலையில் கைபேசியில் படம், எத்தனை அடி ஆழம் என்ற குறிப்பு, மண் விழாமல் மேலே ஒரு ஈரச் சாக்கு. அள்ளிப் பார்க்கச் சொல்லிப் பக்கத்து வீட்டார் வற்புறுத்துவார்கள். ஆள் வரும்வரை பானைக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருங்கள்.